நோட்ஸ் கேட்ட வகுப்பு: நெல்லைக் கல்லூரி ஒன்றின் பொது ஆங்கில வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று ஒரு பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் இங்கே வந்துவிட்டதால் கிடைத்த பெயர். இன்று தாமிரபரணிக்கு இரு கரையிலும் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆட்கள். முக்கூடல், களக்காடு, நாங்குநேரி, ராதாபுரம் என்று நாலா பக்கமும் இருந்து பஸ் ஏறி வருகிறார்கள். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணம் இல்லையென்றால் வீட்டில் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று சொன்ன பெண்பிள்ளைகளும் இந்த வகுப்பில் இருந்தார்கள்.

இங்கே பதிவு செய்வது 2023-24 கல்வியாண்டில், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியில் நடந்தது. வரலாறு, பொருளியல் முதலாண்டு மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்த பொது ஆங்கில வகுப்பு. அறுபது பேருக்கு மேல். வாரத்துக்கு 6 மணி நேரம். மதிப்பெண்ணில் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு, 25 அகமதிப்பீட்டுக்கு. வகுப்பெடுத்தவர் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியை. நான் அதே துறையில் அவருக்கு மூத்தவன். அவர் கேட்டுக்கொண்டதால் வாரம் ஒரு மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வாரங்களில் கண்டது

ஆசிரியை நன்றாகப் பாடம் நடத்துகிறவர். குரல் தெளிவு, தயாரிப்பு இரண்டிலும் குறை சொல்ல முடியாது. அப்படியிருந்தும் வகுப்பில் நடந்தது ஒரே மாதிரிதான். அவர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார். முன்பெஞ்சில் மூன்று நான்கு பேர் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். மணி அடிக்கும் நேரத்தில் ஒரு குரல் வரும்: “மேம், இதுக்கு நோட்ஸ் குரூப்ல போட்டுருங்க.” போட்டுவிடுவார். தேர்வுக்கு முன் அதை மனப்பாடம் செய்வார்கள். வாட்ஸாப் குரூப்பில் வராத ஒன்றைத் தேர்வில் கேட்டால் விட்டுவிட்டு வருவார்கள்.

இது சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆசிரியர் அறையில் அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் இதே பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. ஒரு மாணவிதான் தன் தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்கு பேங்க் செலான் நிரப்பிக் கொடுக்கிறவள். ஒரு பையன் வாரக் கடைசியில் கல்யாண வீடுகளுக்கு கேட்டரிங் வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறான். யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எந்தப் பந்திக்கு என்ற கணக்கெல்லாம் அவன் கையில். இன்னொருவன் அப்பாவின் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் முறை பார்த்துவிட்டு வருகிறவன். வீட்டில் இவ்வளவு முடிவு எடுக்கிறவர்கள், வகுப்புக்குள் வந்ததும் அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதைக்கூட ஆசிரியை சொன்னால்தான் எழுதுகிறார்கள். ஏன்? பன்னிரண்டு ஆண்டுகளாக வகுப்பறை அவர்களிடம் எந்த முடிவையும் கேட்டதில்லை என்பதுதான் எனக்குப் பட்ட காரணம்.

ஆகஸ்ட் மாதத்தில் ஆசிரியை எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, “ஆங்கிலம் உங்களுக்கு எதற்குத் தேவை?” என்று கேட்டார். தமிழில் எழுதலாம், பெயர் வேண்டாம் என்றார். வந்த பதில்களில் பெரும்பாலானவை “அரியர் விழக் கூடாது”, “வேலை கிடைக்க” என்ற இரண்டில் அடங்கிவிட்டன. ஒரு சீட்டில், “எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல மேம், நீங்க சொல்லுங்க, செய்யுதேன்” என்று இருந்தது.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றினார். “கடைசியாக எப்போது, எந்த இடத்தில், ஆங்கிலம் தெரியாமல் தடுமாறினீர்கள்?” இதற்கு வந்த சீட்டுகளை நானும் படித்தேன். ஆச்சியைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு கொடுப்பதா பின்பு கொடுப்பதா என்று மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டது. பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் அண்ணன், பாதுகாப்புக் கையேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி “இதுல என்னடே போட்டிருக்கு” என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் போனது. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. மாதிரித் தேர்வில் ஆங்கிலப் பகுதியை அப்படியே விட்டது. ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தபோது, பேங்கில் நீட்டிய ஆங்கிலப் படிவத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றது.

இந்த ஆய்வில் மற்ற ஆசிரியர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறதென்றால் அது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். இலக்கு என்ன என்று கேட்டால் பிள்ளைகளுக்குப் பதில் வராது. தடுமாறிய இடத்தைக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது.

எடுத்த முடிவுகள்

கற்போர் தன்னாட்சி என்ற கருத்தை மொழிக் கல்விக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ரி ஓலெக். ஒருவர் தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன் என்று 1981இல் வெளியான நூலில் அவர் அதை விளக்கினார். இலக்கை நிர்ணயிப்பது, எதை எந்த வரிசையில் படிப்பது, எந்த வழியில் படிப்பது, போகிற போக்கைக் கவனிப்பது, கடைசியில் எவ்வளவு வந்தது என்று மதிப்பிடுவது என்று அந்தப் பொறுப்பை ஐந்தாகவும் பிரித்துக் காட்டினார். ஐந்தும் நம் வகுப்பில் யார் கையில் இருந்தன என்று ஆசிரியையும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் இரண்டும் பாடத்திட்டக் குழுவிடம், மூன்றாவதும் நான்காவதும் ஆசிரியையிடம், கடைசி ஒன்று பல்கலைக்கழகத்திடம். மாணவரிடம் எதுவுமே இல்லை.

பாடத்திட்டத்தையும் தேர்வையும் நாங்கள் மாற்ற முடியாது. அதனால் 6 மணி நேரத்தில் 4 மணி வழக்கமான பாடத்துக்கு, 2 மணி மாணவர் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு என்று பிரிப்பது முதல் முடிவு.

இரண்டாவது, பொறுப்பை ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கைமாற்றுவது. வில்லியம் லிட்டில்வுட் என்ற ஆய்வாளர் கிழக்காசிய மாணவர்களைப் பற்றி 1999இல் எழுதியபோது தன்னாட்சியை இரண்டு வகையாகப் பிரித்தார். திசையையே மாணவர் தீர்மானிப்பது ஒன்று. திசையை ஆசிரியர் காட்டிய பிறகு, அதற்குள் போகும் வழியை மாணவர் தானே ஏற்பாடு செய்துகொள்வது மற்றொன்று. நம் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் முதல் படியாக இருக்க முடியும். அதனால் முதலில் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பதை மட்டும் அவர்களிடம் விட்டோம். அப்புறம், கொடுத்த மூன்று வேலைகளில் எதைச் செய்வது என்பது. சொந்த இலக்கு அதற்கும் பிறகுதான்.

அந்த வேலைகளுக்கு மாதிரி என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் அவர் நடத்திய திட்டத்தில் இலக்கணப் பாடமே எடுக்காமல், ரயில் நேர அட்டவணை போன்றவற்றை வைத்து யோசிக்கவைக்கும் வேலைகளைக் கொடுத்தார். எங்கள் வகுப்பில் திருச்செந்தூர் பாசஞ்சரும் செங்கோட்டை பாசஞ்சரும் வந்தன. “தென்காசியிலிருந்து வரும் ஒருவர் திருச்செந்தூரில் மதிய அன்னதானத்துக்கு முன்பு போய்ச் சேர வேண்டும், எதில் ஏற வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும் வேலை. கடைசி பெஞ்ச் முதன்முதலாகச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். ஜங்ஷனில் பாசஞ்சர் எந்த பிளாட்பாரத்தில் நிற்கும் என்ற சண்டை தமிழிலேயே நடந்தது. எழுதிய நாலு வரி ஆங்கிலத்தில் இருந்தது.

மூன்றாவது முடிவு, திட்டமிடவும் பேசிக்கொள்ளவும் தமிழை அனுமதிப்பது. “இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழா?” என்று துறையிலேயே கேட்டார்கள். எதைப் படிக்கப் போகிறேன், ஏன், எப்படி என்று யோசிப்பது கனமான வேலை. அதையும் தெரியாத மொழியில் செய் என்றால் பிள்ளை யோசிக்காமல் விட்டுவிடும். இதில் ஆசிரியை உறுதியாக நின்றார். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான்காவது, ஒவ்வொருவரும் தன் கற்றலைப் பற்றி ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது. டென்மார்க் பள்ளி ஆசிரியை லேனி டாம் தம் மாணவரை இப்படிப் பதிவேடு எழுதவைத்தவர். அகமதிப்பீட்டில் அசைன்மென்ட்டுக்கு என்று இருந்த 5 மதிப்பெண்ணை எங்கள் வகுப்பில் இந்தப் பதிவேட்டுக்கு வைத்தோம்.

துறைத்தலைவர் அறையில்

செப்டம்பர் கடைசியில் வகுப்பில் ஒரு பகுதியினர் கையெழுத்துப் போட்டு துறைத்தலைவரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். மேம் பாடம் நடத்துவதில்லை, எங்களையே படிக்கச் சொல்லுகிறார், நோட்ஸ் தருவதில்லை என்பது சாரம். முன்னால் நின்றவர்கள் நன்றாகப் படிக்கும் மாணவர்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்.

இந்த மனுவை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தால் வேலை அதோடு நின்றிருக்கும். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. 75 மதிப்பெண் தேர்வில் கேட்பது பாடத்தில் உள்ள கட்டுரை, பத்தி வினாக்கள். நோட்ஸ் மனப்பாடம் செய்து அதில் ஜெயித்துக் காட்டியவர்கள் அவர்கள். கையில் இருக்கும் ஆயுதத்தைக் கீழே வை என்று சொன்னால் யார் வைப்பார்கள்?

துறைத்தலைவர் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்தார். ஆசிரியை அங்கே ஒரு யோசனை சொன்னார். நோட்ஸ் கட்டாயம் உண்டு, ஆனால் எழுதப் போவது நீங்கள்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு குழு, குழுவை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருவேன், குரூப்பில் போடுவோம். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட மாணவி, “அப்போ தப்பா எழுதிட்டா மேம்?” என்று கேட்டாள். “குரூப்பில் போடும் முன் நான் பார்க்காமல் எதுவும் போகாது” என்றார். பாடம் எந்தத் தேதிக்குள் முடியும் என்ற அட்டவணையையும் எழுதிக் கொடுத்தார். மனு திரும்பப் பெறப்பட்டது.

இதில் எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. ஒரு குழு தன் பாடத்தின் சுருக்கத்தைக் கடையில் விற்கும் கைடு ஒன்றிலிருந்து எடுத்து எழுதிவந்தது. வேறு குழுவில் இருந்த ஒரு பையன் வகுப்பிலேயே எழுந்து, “இப்படி ஒரு சம்பவம் பாடத்துலயே இல்லையே மேம்” என்றான். புத்தகத்தைப் புரட்டினார்கள். இல்லை. கைடில் இருந்த தவறு அப்படியே இறங்கியிருந்தது. அச்சில் இருப்பது தவறாகவும் இருக்கலாம், அதை நானே சரிபார்க்க முடியும் என்று அந்த வகுப்பு கண்ணால் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு குழுக்கள் ஒன்றின் நோட்ஸை மற்றொன்று பார்க்கும் வழக்கம் தானாக வந்தது. ஆசிரியை அதைக் கேட்கவே இல்லை.

பீடிக்கடை பாஸ்புக்

பதிவேடுதான் சரியாக நடக்கவில்லை. “இன்று புதிய சொற்கள் கற்றேன்”, “இன்று நன்றாக இருந்தது” என்ற வரிகள்தான் பக்கத்துக்குப் பக்கம். பின் பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், “ஏலே, இத எழுதினா மார்க்கா போடுவாங்க?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. வெறும் தாளைக் கொடுத்து உன் கற்றலைப் பற்றி எழுது என்றால் யாருக்கும் எழுத வராது.

வழி காட்டியது முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். சாயங்காலமும் விடுமுறை நாளிலும் இவளும் கூட உட்கார்ந்து சுற்றுவாள். பதிவேடு எப்படி எழுதலாம் என்று வகுப்பில் பேச்சு வந்தபோது, பேசாத பிள்ளை அது, மெதுவாகச் சொன்னாள்: “மேம், எங்கம்மாக்கு பீடிக்கடைல ஒரு பாஸ்புக் உண்டு. அந்த மாதிரி கட்டம் போட்டா எழுதிரலாம்.”

மறுநாள் கொண்டுவந்து காட்டினாள். ஓரமெல்லாம் மடங்கி, புகையிலைத் தூள் நிறம் ஏறிய சின்னப் புத்தகம். எந்தத் தேதியில் எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கியது, எத்தனை பீடி கொடுத்தது, அதில் சரியில்லை என்று கணக்கப்பிள்ளை கழித்தது எவ்வளவு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அவள் தன் நோட்டில் போட்டிருந்த கட்டங்கள் இவை: தேதி, எடுத்தது, முடித்தது, கழிந்தது, ஏன் கழிந்தது. ஐந்தாவது கட்டம் பாஸ்புக்கில் கிடையாது. அவளே சேர்த்தது.

முதல் வரியில் இப்படி எழுதியிருந்தாள். எடுத்தது: ஆச்சியின் டிஸ்சார்ஜ் தாள், முதல் பக்கம். முடித்தது: மருந்துப் பகுதி. கழிந்தது: வியாதி பற்றிய பகுதி. ஏன்: சுருக்கெழுத்தாக இருக்கிறது, அகராதியில் இல்லை, நர்சிடம் கேட்க வேண்டும்.

இந்த ஒரு வரியில் ஓலெக் சொன்ன ஐந்தும் இருக்கிறது. இலக்கு, பொருள், வழி, கண்காணிப்பு, மதிப்பீடு. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கூலி வேலையில் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. வகுப்பறை கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். வகுப்பு முழுவதும் அந்தக் கட்டங்களையே எடுத்துக்கொண்டது. “கழிந்தது” என்ற கட்டம் இருந்ததால், முடியாததை எழுதுவதில் இருந்த வெட்கமும் குறைந்தது. ஆசிரியை பதிவேட்டில் இலக்கணப் பிழை திருத்துவதை நிறுத்தினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுவார். அவளுக்கு எழுதியது: “நர்ஸ் என்ன சொன்னார்?”

அவள் இன்னொன்றும் கேட்டாள். நோட்ஸை யாராவது வாசித்து வாய்ஸ் மெசேஜாகப் போட முடியுமா என்று. “கை பாட்டுக்குச் சுற்றும் மேம், காது சும்மாதானே இருக்கு.” நான்கைந்து பேர் முறை வைத்து வாசித்துப் போட ஆரம்பித்தார்கள். வாசிப்பவர்கள், உச்சரிப்பு தவறிவிடுமோ என்று பயந்து, போனில் கேட்டுப் பார்த்துவிட்டு வாசித்தார்கள். கேட்பவர்களைவிட வாசித்தவர்களுக்கே இதில் லாபம் அதிகம் என்பது என் கணிப்பு.

டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறி, நெல்லை சந்திப்புப் பகுதியிலும் ஆற்றோரத் தெருக்களிலும் வீடுகளுக்குள் புகுந்தது. திருச்செந்தூர் பாதையில் தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போய் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றது. கல்லூரிகள் மூடப்பட்டன. இரண்டாம் பருவ வகுப்புகள் ஜனவரியில் சரியாக நடக்க ஆரம்பிக்கும் வரை ஆசிரியை, வகுப்பு, மதிப்பெண் எதுவும் இல்லாத ஓர் இடைவெளி.

திரும்பி வந்தபோது ஆசிரியை பதிவேடுகளைக் கேட்கவில்லை. சிலருடையது தண்ணீரில் போய்விட்டது. கேட்பது முறையில்லை என்று நினைத்தார். ஆனால் சிலர் தாங்களாகவே கொண்டுவந்து காட்டினார்கள். பெரும்பாலானவர்களின் நோட்டில் டிசம்பரில் ஒரு வரிகூட இல்லை. எழுதியிருந்தவர்களின் பக்கங்கள்தான் இந்த ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த நல்ல சான்று.

ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் இருக்கும் பையன், கேட்டரிங் வேலைக்கு ஆள் சேர்க்கிறவன், வகுப்பில் பதிவேட்டை அரைமனதாக எழுதிவந்தவன். அவன் தெருவில் பைக்குகள் முழுக்க மூழ்கிவிட்டன. இன்சூரன்ஸ் கேட்க ஆங்கிலப் படிவம். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்காக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான். எடுத்தது: கிளெய்ம் படிவம், ஒரு கடிதம். முடித்தது: படிவம். கழிந்தது: கடிதம், இரண்டு தடவை. ஏன்: வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றுகொண்டிருந்ததா என்று தெளிவாக எழுதவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடிதத்தை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருந்தான். பிழைகள் இருந்தன. ஆனால் வண்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை என்பது யாருக்கும் புரியும்படி இருந்தது. அதற்குப் பிறகு தெருவில் மற்றவர்களும் அவனிடம் வந்தார்கள்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மாணவி ஒருத்தி, ரயிலில் சிக்கியவர்களுக்கு ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

இரண்டாம் பருவத்தில் மாற்றியவை

ஜனவரியில் ஆசிரியை இரண்டு மாற்றங்கள் செய்தார். முதலாவது, பதிவேட்டிலிருந்து மதிப்பெண்ணை எடுத்தது. கையெழுத்து வாங்குவதற்கு முந்தின நாள் ஒரே பேனாவில், ஒரே உட்காருதலில் பல வாரங்களை நிரப்பிய நோட்டுகள் முதல் பருவத்தில் நிறைய இருந்தன. 5 மதிப்பெண் இருக்கும் வரை பதிவேடு ஆசிரியைக்காகத்தான் எழுதப்படும். அதற்குப் பதிலாக, பதிவேட்டில் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஆசிரியையிடம் சில நிமிடம் பேச வேண்டும், முடிந்தவரை ஆங்கிலத்தில், அதற்குத்தான் அந்த 5. எதை வைத்து மதிப்பெண் போடலாம் என்று வகுப்பே பேசி முடிவெடுத்தது. “தப்பில்லாமப் பேசணும்” என்று ஆரம்பித்தவர்கள், கடைசியில் “என்ன செய்தோம், எங்கே நின்னுச்சு, அடுத்து என்ன” என்ற மூன்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இரண்டாவது, எல்லோருடைய நோட்டையும் ஒவ்வொரு வாரமும் படிப்பதை விட்டு, வாரம் நாலில் ஒரு பங்கு என்று முறை வைத்தது. அறுபது நோட்டுக்கு மேல் வாரா வாரம் படித்து ஒவ்வொன்றுக்கும் கேள்வி எழுதுவது, வேறு வகுப்புகளும் உள்ள ஒருவரால் நீண்ட நாள் முடியாது.

ஆண்டு முடிவில்

பல்கலைக்கழகத் தேர்வு முடிவில் இந்த வகுப்புக்கும், வழக்கமான முறையில் நடந்த பக்கத்து வகுப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2 மணி நேரத்தை எடுத்துக்கொண்டும் குறையவில்லை என்பதைத் துறைத்தலைவர் நல்லதாகவே எடுத்துக்கொண்டார்.

மாறியது கேள்விகள். ஆண்டின் தொடக்கத்தில் என் குறிப்பேட்டில் உள்ள மாணவர் கேள்விகள் பெரும்பாலும் “இது முக்கியமா மேம்?” என்பதுதான். மார்ச்சில், “இந்தச் சொல்லுக்கு அகராதி இரண்டு பொருள் சொல்லுது, இங்கே எது?” “ஆஸ்பத்திரித் தாளில் இதை ஏன் இப்படிச் சுருக்கி எழுதறாங்க?” என்று கேட்கிறார்கள். முன்பெஞ்சில் எப்போதும் பதில் சொன்ன மூன்று நான்கு பேரிடம்தான் மாற்றம் மிகக் குறைவு. அவர்களுக்கு இந்த முறை தேவைப்படவில்லை என்றே படுகிறது. மனுவில் கையெழுத்திட்ட சிலர் கடைசி வரை ஆசிரியை எழுதிய நோட்ஸ்தான் வேண்டும் என்றார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை.

காற்றாலைக் கையேட்டை எடுத்த மாணவன் அதை முடிக்கவில்லை. ஏணியில் ஏறும்போது பட்டையை எங்கே மாட்ட வேண்டும் என்ற பகுதியை மட்டும் தமிழில் எழுதி அண்ணனுக்கு அனுப்பினான். அவன் பதிவேட்டில் “முடித்தது” கட்டத்தில் அதுதான் இருக்கிறது.

ஒரு மாணவன் முதல் பருவத்தோடு படிப்பை விட்டுவிட்டான். இரவில் பரோட்டாக் கடை வேலை. காலை முதல் பீரியடுக்குப் பெரும்பாலும் வந்ததில்லை. நாங்கள் ஒதுக்கிய 2 மணி நேரத்தில் ஒன்று அந்த முதல் பீரியடில்தான் விழுந்தது. அவன் நோட்டில் இரண்டு பக்கம்தான் உண்டு.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தடுமாறிய இடத்தைக் கேட்கும் கேள்வியை ஜூலையில் வகுப்பு தொடங்கியவுடனே கேட்க வேண்டும். இந்த முறை ஆகஸ்ட் ஆகிவிட்டது. குழு நோட்ஸ் ஏற்பாட்டையும் மனு வரும் வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தேர்வு பற்றிய பயத்துக்கு முதலில் பதில் சொல்லாமல் பொறுப்பைப் பற்றிப் பேசினால் நல்ல மாணவர்களே எதிர்ப்பார்கள். பதிவேட்டுக்கு மதிப்பெண் எப்போதும் வேண்டாம்.

கல்லூரி நேரத்துக்குப் பிறகு எந்த வேலையும் வைக்கக் கூடாது. சாயங்காலப் பஸ்ஸை விட்டால் களக்காட்டுப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இருட்டின பிறகுதான் வீடு போய்ச் சேருவார்கள். அப்படி ஒரு நாள் ஆனால் மறுநாள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். இந்த ஆண்டு குழு வேலை முழுவதும் வகுப்பு நேரத்துக்குள் நடந்ததால்தான் அவர்களால் சமமாகக் கலந்துகொள்ள முடிந்தது. தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் மாதம் ஒரு முறையாவது வந்து மொழிபெயர்ப்பு வேலைகளில் கைகொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். டிஸ்சார்ஜ் தாளையும் கையேட்டையும் எடுத்தவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது அதுதான்.

இரவு வேலைக்குப் போகிறவர்களின் விஷயம் இன்னும் தீரவில்லை. மாணவர் தேர்ந்தெடுக்கும் வேலைக்கான 2 மணி நேரத்தையும் மதியத்துக்கு முந்திய பீரியடுகளுக்கு மாற்றித் தரும்படி துறைத்தலைவர் வழியாகக் கேட்டிருக்கிறோம். மற்றத் துறைகளின் கால அட்டவணையோடு பொருந்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு துறையிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கிறது. பொருளியல் துறை சம்மதித்துவிட்டது. வரலாற்றுத் துறையோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.